எட்டுக் கொக்கியும் எங்கள் அப்பாவின் தார்ப்பாயும்

நாங்கள் திருட்டுக் குடும்பம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் வரப்போவதைப் படித்தால் உங்களுக்கு அந்தச் சந்தேகம் கட்டாயம் வரும். நாங்கள் லோடு வண்டிக் குடும்பம், அவ்வளவுதான். அப்பா திண்டுக்கல் நாகல் நகரில் குட்டி யானை ஓட்டுகிறார். (நிஜ யானை இல்லை. காய்கறி மூட்டை ஏற்றும் சின்ன லோடு வண்டிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.) அந்த மாதிரி வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ரோட்டில் ஒரு துண்டுக் கயிறு கிடந்தால் தாண்டிப் போக முடியாது. கொக்கி, வளையம், பழைய டியூப் பட்டை, எது கிடந்தாலும் கை தானாகக் கீழே போய்விடும். என் அக்கா கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் விடைபெற வந்தபோது பெண்ணின் அப்பாவைக் காணவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், பந்தல்காரர்கள் அறுத்துப் போட்ட கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டிருக்கிறார். பட்டுவேட்டியோடு!

இந்த ரத்தம்தான் என் உடம்பிலும் ஓடுகிறது. அது ஒரு நாள் ஒரு மனுஷியின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. ஒரு கூரியர் ஆபீஸ் கவுண்டரில் பார்சலுக்குச் சீட்டு ஒட்டும் வேலை. அங்கேதான் ஸ்டெல்லா அக்கா பழக்கம். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். ஒரு நாள் பார்சலை நீட்டிய கையைப் பார்த்தால் விரலெல்லாம் தோல் உரிந்து, பொருக்குத் தட்டிக் கிடந்தது. "என்னக்கா, கிரைண்டர்ல கைய விட்டுட்டீங்களா?" என்றேன். அக்கா சிரித்துவிட்டு, "பாறையில ஏறுனேன் புள்ள. ஞாயித்துக்கிழமை காலைல சும்மாதான கெடப்ப? வா" என்றார்.

அகரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு மொட்டைப் பாறை. ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே கூடிக் கயிறு கட்டி ஏறுவார்கள். வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா, "மலை ஏறணும்னா பழனிக்குப் போடி, புண்ணியமாவது கெடைக்கும்" என்றாள். அப்பாவோ கயிறு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "என்ன கயிறு? நைலானா? எம்புட்டுத் தடிமன்?" என்று கேட்டார். அவர் சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம்.

ஏறுவது எப்படி என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பாறையில் ஆள் உயரத்துக்கு ஒன்றாக இரும்பு வளையம் அடித்திருப்பார்கள். ஏறுகிறவர் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும், அதன் மறுமுனையைக் கீழே ஒருவர் பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு கொக்கியை மாட்டி, அதில் கயிற்றை நுழைத்துக்கொண்டே மேலே போக வேண்டும். கொக்கி என்றால் ஒன்றில்லை. இரண்டு கொக்கி, நடுவில் சாண் நீளத்துக்கு அழுத்தித் தைத்த நாடா; 'டிரா' என்பார்கள். கால் வழுக்கினால், கடைசியாகக் கயிறு நுழைத்த கொக்கிதான் தாங்கும். அதாவது உயிர் அந்தச் சாண் நாடாவில் இருக்கிறது. முதல் வகுப்பிலேயே ஸ்டெல்லா அக்கா இதைச் சொல்லி, "இந்த நாடா பக்கத்துல பெட்ரோல், பேட்டரித் தண்ணி எதுவும் வரக் கூடாது. பாக்க நல்லாத்தான் இருக்கும், பாரம் விழுந்தா நூல் நூலா போயிரும்" என்றும் சொன்னார். நான் பெரிதாகத் தலையாட்டினேன்.

இரண்டாவது ஞாயிறு மார்ட்டின் அண்ணன் வகுப்பெடுத்தார். ஸ்டூடியோவில் போட்டோ எடுக்கிற ஆள், அக்காவுக்கு அடுத்தபடி அங்கே விவரம் தெரிந்தவர். பக்கத்துப் பாறையில் பாதி உயரத்தில் ஒரு ஒற்றைக் கொக்கி துருப்பிடித்துத் தொங்கியது. அதைக் காட்டிச் சொன்னார்:

"எவனோ ஏற முடியாம பாதியில எறங்கிட்டான். எறங்கணும்னா கொக்கிய அங்கயே விட்டுட்டுத்தான் வரணும், வேற வழி கெடையாது. அந்த மாதிரி விட்டுட்டுப் போனத யாரு போயி எடுக்குறாங்களோ அவங்களுக்குத்தான். எங்க வழக்கம் அது."

எனக்குக் காது இரண்டும் விடைத்துக்கொண்டன. ஆகா, இதல்லவா விளையாட்டு! எங்கள் குடும்பத்துக்கென்றே யாரோ யோசித்து வைத்த விதி! மார்ட்டின் அண்ணன் மேலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த நேரம் பார்த்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். நான் கெட்டிச் சட்னி தீர்ந்துவிடும் என்று ஓடிவிட்டேன்.

அவர் சொன்ன மிச்சத்தைப் பிற்பாடு பன்னிரண்டு பேர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அது இதுதான்: ஒருவர் ஒரு பாதையை முடிக்க வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பாடுபடுவார். ஒவ்வொரு வாரமும் எல்லாக் கொக்கியையும் மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தால் கையில் ஏறத் தெம்பு இருக்காது. அதனால் அப்படியே தொங்க விட்டுவிட்டுப் போவார். அந்த வரிசை அவருடையது. அதில் கயிறு நுழைத்து ஏறிப் பார்க்கலாம், ஆனால் கழற்றவே கூடாது.

மூன்றாவது ஞாயிறு. அக்காவுக்குப் பள்ளியில் விளையாட்டு விழா, வரவில்லை. மார்ட்டின் அண்ணன் புதிதாக வந்தவர்களுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கயிற்றில் இறங்கும் பயிற்சி. பாறைக்குப் பின்பக்கமாக நடந்தே உச்சிக்குப் போய், அவர் கட்டி வைத்த கயிற்றில் மெல்ல மெல்ல இறங்கி வர வேண்டும். இறங்கும்போது இடது கைப்பக்கம் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை வரிசையாக எட்டுக் கொக்கிகள், நீல நாடாவோடு பளபளவென்று தொங்குகின்றன. மூன்று வாரமாகத் தொங்குகின்றன. யாரும் அந்தப் பக்கம் போய் நான் பார்க்கவில்லை. (நான் வந்து சேர்வதே எட்டு மணிக்கு மேல்.) 'விட்டுட்டுப் போனதுதான்' என்று என் மனசு தீர்ப்பு எழுதிவிட்டது. (ஏற முடியாமல் இறங்கியவன் ஒரு கொக்கியை விட்டால் போதுமே, எட்டையும் ஏன் விட்டான் என்று ஒரு விநாடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.)

இரண்டாம் தடவை இறங்கும்போது எட்டையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மார்ட்டின் அண்ணனிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: சொன்னால் பாதி கேட்பாரோ என்று பயம்.

வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்ல வேண்டும். டிகிரி முடித்தபோதுகூட அப்பா என்னை அப்படிப் பார்த்ததில்லை. ஒரு கொக்கியைக் காதருகே வைத்து டிக், டிக் என்று இருபது தடவை திறந்து மூடினார்.

"ஏத்தா செல்வி, எங்கத்தா கெடச்சுச்சு?"

"பாறையில தொங்குச்சுப்பா. எவனோ விட்டுட்டுப் போயிட்டான்."

"கூறுகெட்ட பய. இம்புட்டு நல்ல சாமானையா விட்டுட்டுப் போவான்!"

ஐந்து கொக்கி வண்டியின் தார்ப்பாயைப் பிடித்து இழுத்துக் கட்டப் போய்விட்டது. ஒன்றை அம்மா எடுத்துப் பால் பாக்கெட் பையைத் தொங்கவிட கேட்டில் மாட்டிக்கொண்டாள். மிச்சம் இரண்டை அப்பா பெருந்தன்மையாக லோடு வண்டி ஸ்டாண்டில் இருக்கும் அந்தோணி மாமாவுக்குக் கொடுத்துவிட்டார். "எம் மக மலையில இருந்து கொண்டாந்தா" என்று சொல்லி வேறு கொடுத்திருக்கிறார்.

வியாழக்கிழமை சாயங்காலம், ஆபீஸில் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்டெல்லா அக்காவின் செய்தி வந்தது.

"பிள்ளைகளா, மூணு மாசமா போராடுற என் ரூட்டை இந்த ஞாயித்துக்கிழமை முடிச்சே தீருவேன். என்னோட எட்டு டிராவும் மேல ரெடியா தொங்குது. யாரும் தொட்டுறாதீங்க. காலைல எல்லாரும் வந்து கை தட்டணும்."

எட்டு. நீல நாடா. என்னோட. ஒவ்வொரு வார்த்தையாக மறுபடி படித்தேன், ஒன்றாவது மாறியிருக்காதா என்று. கீழே வரிசையாக எல்லாரும் கைதட்டும் பொம்மை போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் ஒன்று போட்டேன். (வேறென்ன செய்ய? போடாமல் இருந்தால் சந்தேகம் வராதா?) அன்றைக்குத் தொப்பம்பட்டிக்குப் போக வேண்டிய ஒரு பார்சல் தூத்துக்குடிக்குப் போய்விட்டது.

அப்போதே அக்காவைக் கூப்பிட்டு, "அக்கா, தெரியாம எடுத்துட்டேன்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு திட்டோடு முடிந்திருக்கும். ஆனால் நான் எப்பேர்ப்பட்ட புத்திசாலி! யாருக்கும் தெரியாமல் திருப்பி மாட்டிவிட்டால் தப்பே நடக்காத மாதிரிதானே?

வெள்ளிக்கிழமை வசூல் வேட்டை. பால் பையை மண்ணில் வைத்துவிட்டு அம்மாவின் கொக்கியைக் கழற்றினேன். "ஏண்டி, நாய் வாய வைக்கும்டி!" என்று கத்தினாள். அப்பாவிடம், "கிளப்புல போட்டோ புடிக்கணுமாம்ப்பா, செத்த நேரம் குடுங்க" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "இப்பத்தான்த்தா தார்ப்பாய் மொத தடவையா படபடக்காம கெடக்குது" என்று ஒவ்வொன்றாக, பிள்ளையைப் பிரிகிற மாதிரி கழற்றிக் கொடுத்தார். அந்தோணி மாமாவோ ஒட்டன்சத்திரத்துக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். அவர் வரும்வரை ஸ்டாண்டில் நின்றேன். அவருடைய இரண்டும் கோழிக் கூண்டில் மாட்டியிருந்தன.

எட்டையும் ஒரு வாளியில் போட்டேன். கிரீஸ், வெங்காயச் சருகு, கோழி நாற்றம். சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, மூன்று தண்ணீர் அலசி நிழலில் காயப் போட்டேன். என் சுடிதாரைக்கூட நான் அப்படித் துவைத்ததில்லை. காய்ந்ததும் எட்டும் ஒன்றுபோல, புத்தம் புதிதாக இருந்தன.

சனிக்கிழமை காலையில் மார்ட்டின் அண்ணனைக் கெஞ்சி வரவழைத்தேன். இறங்கும் பயிற்சி போதவில்லை என்று காரணம். "என்னா ஆர்வம் புள்ள ஒனக்கு!" என்று கயிறு கட்டிக் கொடுத்துவிட்டு, கீழே நிழலில் உட்கார்ந்து போனில் யாரிடமோ குழைந்துகொண்டிருந்தார். நான் இறங்கி இறங்கி எட்டு வளையத்திலும் எட்டையும் மாட்டினேன். தரைக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன். போன ஞாயிறு இருந்தது போலவே வரிசையாகத் தொங்கின. அப்பாடா! வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு போட்டுக்கொண்டேன்.

அந்த இரண்டாவது தட்டில்தான் வினை. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, வெஞ்சனக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தியபடி கேட்டார்:

"நேத்து அந்தக் கொக்கியெல்லாம் கழுவுனியே, கை எரியலையே ஒனக்கு?"

"ஏம்ப்பா எரியணும்?"

"செவ்வாக்கிழம ஒரு கடையில பழைய பேட்டரி ஏத்துனேன்ல. சாயாம இருக்க ரெண்டு கொக்கிய எடுத்துக் குறுக்க போட்டேன். ஒரு பேட்டரி கவுந்து தண்ணி பூராம் அந்த நாடா மேலதான் ஊத்துச்சு. இந்தா பாரு, என் லுங்கிய." லுங்கியில் ஐந்தாறு ஓட்டை, சல்லடை மாதிரி. "அதான் ஒங் கைக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டேன்."

கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டேன். "எந்த ரெண்டுப்பா?"

"அது என்னத்தக் கண்டேன்? ஏதோ ரெண்டு. எல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கு."

ஒன்று போலத்தான் இருந்தன. ஏதாவது கறையோ நாற்றமோ இருந்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்கும். அதைத்தான் நான் பிரஷ் போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீர் அலசி, இல்லாமல் செய்துவிட்டேனே! எட்டில் எந்த இரண்டு என்று கண்டுபிடிக்க இருந்த ஒரே வழியையும் என் கையாலேயே துவைத்துவிட்டேன்.

அக்காவுக்குச் செய்தி அனுப்ப உட்கார்ந்தேன். 'அக்கா ஒரு விஷயம்' என்று அடிப்பேன், அழிப்பேன். 'அக்கா கோபப்படாதீங்க' என்று அடிப்பேன், அழிப்பேன். கடைசியில் துணிந்து போனே போட்டுவிட்டேன். "சொல்லு புள்ள" என்றார், நல்ல உற்சாகமாக.

"அக்கா... சாப்டீங்களா?"

"சாப்டேனே. ஏன்?"

"சும்மாதான்க்கா."

போனை வைத்துவிட்டேன். அந்த வெட்கத்தை இன்று நினைத்தாலும் என்னை நானே நாலு அறை விடத் தோன்றுகிறது. ஒரு ஆளின் உயிர் பற்றிய சமாசாரம் கையில் இருக்கிறது, நான் சாப்பாடு விசாரிக்கிறேன்! காலையில் ஏழு மணிக்குத்தானே ஏறுவார், அதற்கு முன்னால் நேரில் சொல்லிவிடுவோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஞாயிறு. ஆறு மணிக்கே கிளம்பினேன். பஸ் வரவில்லை. ஆட்டோ பிடித்தேன். அந்த ஆட்டோக்காரர் உலகத்திலேயே நிதானமான மனிதர். ஒவ்வொரு வேகத்தடைக்கும் நின்று கும்பிட்டுப் போகிற மாதிரி போனார். "அண்ணே, கொஞ்சம் வெரசா போங்கண்ணே" என்றால், "பாறை எங்கயும் போயிராதும்மா" என்கிறார். அக்காவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மார்ட்டின் அண்ணனைக் கூப்பிட்டேன். அவரும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. கயிறு பிடிக்கிற ஆள் போன் எடுக்க மாட்டார்.

நான் போய் இறங்கும்போது ஏழாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. வெயில் ஏறுவதற்கு முன்னால் முடித்துவிடலாம் என்று அக்கா சீக்கிரமே ஏற ஆரம்பித்துவிட்டார். நான் முள்ளுக்குள் விழுந்து எழுந்து ஓடி வந்து பார்க்கிறேன்: நாலாவது கொக்கியையும் தாண்டி, ஐந்தாவது வளையத்துக்குக் கீழே ஒரு விரல் அகல விளிம்பில் நிற்கிறார். கீழே எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறார்கள்.

"அக்கா, ஏறாதீங்க!" என்று அலறினேன்.

பன்னிரண்டு தலையும் என் பக்கம் திரும்பின. அக்கா தலையைத் திருப்பாமலே கேட்டார். "எதுக்கு?"

"கொக்கி சரியில்லக்கா!"

"சரி. மார்ட்டினு, கயித்த இறுக்கு. என்னை எறக்கி விடு."

இறக்கிவிடுவது என்றால் அவருடைய மொத்தப் பாரமும் நாலாவது கொக்கியில் விழும். "அய்யோ எறங்காதீங்க! எறங்கவும் கூடாது!" என்று இன்னும் பெரிதாகக் கத்தினேன்.

"ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாதுன்னா, நான் இங்கயே குடியிருக்கவாடி?"

அந்த நேரத்தில்தான் நான் எல்லாவற்றையும் கக்கினேன். கீழே நின்று, அண்ணாந்து, அழுதுகொண்டே, ஊருக்கே கேட்கிற மாதிரி. போன ஞாயிறு எட்டையும் கழற்றியது, தார்ப்பாய், பால் பாக்கெட், கோழிக் கூண்டு, பேட்டரித் தண்ணி, அப்பாவின் லுங்கி ஓட்டை, சோப்புத்தூள், நேற்று திருட்டுத்தனமாகத் திருப்பி மாட்டியது. "எந்த ரெண்டுன்னு தெரியலக்கா!" என்று முடித்தபோது எனக்கே என் குரல் கேட்கவில்லை. மார்ட்டின் அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் கயிற்றில் இருந்து கையை எடுக்கவில்லை.

மேலே அக்காவின் கெண்டைக்கால் தையல் மிஷின் மாதிரி ஆடத் தொடங்கியது. ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இடுப்பில் தொங்கிய சொந்தக் கொக்கி ஒன்றைத் தடவி எடுத்தார். நாடா இல்லாத, திருகிப் பூட்டுகிற கொக்கி. ஐந்தாவது வளையத்துக்கு எட்டினார். எட்டவில்லை. கால் நுனியில் எம்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முருகா, மாதாவே, யாராயிருந்தாலும் சரி, இந்த ஒரு தடவை! 'டிக்' என்று ஒரு சத்தம். அந்தக் கொக்கியில் கயிற்றை நுழைத்து, திருகிப் பூட்டி, "இப்ப எறக்கு" என்றார்.

தரையைத் தொட்டதும் அக்கா உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் குடித்தார். மார்ட்டின் அண்ணன் உச்சிக்குப் போய் இறங்கி, எட்டையும் வரிசை மாறாமல் கழற்றிக்கொண்டு வந்தார். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு முனையைப் பாதத்துக்கு அடியில் மிதித்துக்கொண்டு, மறுமுனையை இரண்டு கையாலும் முழுப் பலத்தோடு இழுத்தார். முதலாவது தாங்கியது. இரண்டாவது தாங்கியது. ஆறு வரை தாங்கின. ஏழாவதை இழுத்தபோது தையல் சர்ரென்று பிரிந்து, நாடா இரண்டு துண்டாகக் கையோடு வந்துவிட்டது. எட்டாவதை அவர் இழுத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஏழாவது கொக்கிக்கு மேலேதான் அந்தப் பாதையின் கஷ்டமான இடம். மூன்று மாதமாக, நான் எழுந்து வருவதற்கு முன்பே, அக்கா வாராவாரம் விழுந்துகொண்டிருந்தது அங்கேதான். விழும்போதெல்லாம் அவரைத் தாங்கியது அந்த ஏழாவது.

நான் மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பையில் இருந்து கத்தியை எடுத்து மிச்சம் ஏழு நாடாவையும் ஒவ்வொன்றாக அறுத்தார். இனிமேல் யாரும் தெரியாமல்கூட அதில் ஏறிவிடக் கூடாதாம். பிறகு பாறையைக் காட்டினார். ஐந்தாவது வளையத்தில் அவர் விட்டுவிட்டு வந்த பூட்டுக் கொக்கி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்தா தெரியுதா? வேற வழியில்லாம விட்டுட்டு வந்தது அது. அது வேணும்னா போயி எடுத்துக்க, ஒனக்குத்தான். இப்ப வித்தியாசம் வெளங்குச்சா?"

விளங்கியது. அந்தக் கொக்கியை மட்டும் நான் எடுக்கவே இல்லை.

மத்தியானம் வீட்டில் சொன்னேன். அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் தன் லுங்கியில் இருந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வெடித்தார்:

"ஏத்தா, லோடு ஏத்தி நிக்கிற லாரியில டிரைவர் இல்லைன்னா கயித்த அவுப்பியா நீ? நாலு நாளு நின்னாலும் அவன் வந்துதான அவுக்கணும்? பத்து வயசுலயே தெரியுமே ஒனக்கு!"

தெரியும். லோடு ஸ்டாண்டில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். கீழே கிடக்கிற கயிற்றை எடுக்கலாம், கட்டி நிற்கிற கயிற்றில் கை வைக்கக் கூடாது. பாறைக்கு ஒரு நியாயம், லாரிக்கு ஒரு நியாயம் என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நானாகத்தான் பிரித்துக்கொண்டேன். "நீங்க மட்டும் யாருதுன்னு கேட்டீங்களாக்கும்? பல்லு முப்பத்திரண்டும் தெரிய வாங்கிக்கிட்டீங்க!" என்று அழுகையோடு திருப்பிக் கொடுத்தேன். அப்பா எழுந்து போய்க் கை கழுவினார்.

அடுத்த ஞாயிறு பாறைக்கு முன்னால் குட்டி யானை வந்து நின்றது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பா. கையில் ஒரு மஞ்சள் பை நிறைய முருங்கைக்காயும் கத்தரிக்காயும். நேராக ஸ்டெல்லா அக்காவிடம் போய்க் கை கூப்பினார்.

"தாயி, புள்ள கொண்டாந்து குடுத்தப்ப யாருதுன்னு ஒரு வார்த்த நான் கேட்டிருக்கணும். கேக்கல. மன்னிச்சுக்கங்க."

அக்கா பதறி எழுந்து, "அண்ணே, என்னண்ணே இது, உக்காருங்க" என்றார். அப்பா உட்காரவில்லை. பத்து நிமிஷத்தில் அவர்கள் போட்டிருந்த முடிச்சுகளையெல்லாம் சோதித்துப் பார்த்து, மார்ட்டின் அண்ணனுக்கு இரண்டு இடத்தில் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

புதுக் கொக்கிகள் வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தை பிறந்துதான் அக்காவின் பாதை காய்ந்தது. அந்த மூன்று மாதமும் நான் ஞாயிறு தவறாமல் போனேன். ஒருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, ஆனால் யாரும் என்னிடம் கயிற்றைக் கொடுக்கவும் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்க என்ன முகம் இருக்கிறது? துடைக்கிற வேலை, சுற்றி வைக்கிற வேலை, சட்னி பரிமாறுகிற வேலை பார்த்தேன். மார்ட்டின் அண்ணன் பக்கத்தில் நின்று கயிறு பிடிப்பதைக் கவனித்துக் கவனித்துக் கற்றுக்கொண்டேன்.

அக்கா மறுபடி ஏற வேண்டிய ஞாயிறு வந்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுமுனையை என்னிடம் நீட்டினார்.

"நீ புடி."

"நானாக்கா?" என் கை பின்னால் போய்விட்டது. "மார்ட்டின் அண்ணன் இருக்காரே..."

"இருக்கான். ஆனா தன் மானம் போனாலும் போகுதுன்னு அம்புட்டுப் பேரு முன்னால கத்துனவ நீதான? எனக்குக் கீழ அந்த மாதிரி ஆளுதான் நிக்கணும். புடி."

பிடித்தேன். என் வாழ்நாளில் எதையும் அப்படிப் பிடித்ததில்லை. ஏழாவது கொக்கிக்கு மேலே அக்கா தடுமாறினார், நின்றார், எம்பினார், தாண்டினார். உச்சியில் இருந்து அவர் போட்ட கூச்சலில் அகரம் வரைக்கும் காக்காய் பறந்திருக்கும். நான் கீழே மறுபடியும் ஓவென்று அழுதேன், இந்தத் தடவை கயிற்றை விடாமல்.

ஒரு பாதையை முதலில் ஏறி முடிக்கிறவருக்கு அதற்குப் பெயர் வைக்கும் உரிமை உண்டு. அதுவும் அவர்கள் வழக்கம். எல்லாரும் சூழ்ந்துகொண்டு, என்ன பெயர் என்று கேட்டார்கள். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கேட்டுட்டு எடு."

அன்றிலிருந்து அதுதான் பெயர். பெங்களூரில் இருந்து வருகிறவர்கள்கூட வாய்க்கு வந்தபடி உச்சரித்து, "கெட்டுட்டு எடு எங்கே இருக்கு?" என்று என்னிடமே வழி கேட்கிறார்கள். எங்கள் வீட்டிலோ கேட்கவே வேண்டாம். குழம்பில் இன்னொரு மீன் துண்டை நான் எடுத்தால் அம்மா கரண்டியைத் தட்டி, "கேட்டுட்டு எடு" என்கிறாள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என் கூடப்பிறந்த அக்கா இந்தக் கதை முழுவதையும் சொல்லிவிட்டாள். அவர்கள் போகும்போது செருப்பை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டார்கள். அதில் ஒருவர்தான் இப்போது என் வீட்டுக்காரர். இன்றைக்கும் பீரோவைத் திறக்கும் முன் என்னிடம் அனுமதி வாங்குகிறார், சிரிக்காமல்.

அப்பாதான் எல்லாரையும் மிஞ்சிவிட்டார். போன மாதம் அவரோடு வண்டியில் அந்த வழியாகப் போனேன். லிஃப்ட் கேட்டு ஏறியவர் ஒருவர் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். பாறை தெரிகிற வளைவு வந்ததும் அப்பா வேகத்தைக் குறைத்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அந்தா தெரியுது பாருங்க, மொட்டைப் பாறை. அதுல ஏறுற பாதைக்கு என்ன பேரு தெரியுமா?"

"தெரியாதுங்களே."

அப்பா வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினையே நிறுத்திவிட்டார்.